பொன்னுருக்குக்கு முன்

2024 ஏப்ரல் இருபதாந் திகதி, சனிக்கிழமை, வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடிக் கட்டடத்தின் மூன்றாம் மாடி வீட்டில், விவாகப் பதிவாளர் முன்னிலையில் சுபோதினி நாகேந்திரமும் ராகுலன் இராஜநாயகமும் கையெழுத்திட்டனர்.

அதை எழுத்து என்பார்கள். எழுத்து முடிந்ததும் சுபோதினி அரசாங்கத்துக்கு மனைவியாகிவிட்டாள். அவளுடைய அம்மாவுக்கு ஆகவில்லை. மெல்பேர்னிலிருந்து இரண்டு மாத லீவில் வந்திருந்த ராகுலன், விசா வேலைகளைத் தொடங்க வேண்டும் என்று எழுத்தை முதலில் வைக்கச் சொன்னான். தாலிகட்டு பிறகு, நல்ல முகூர்த்தத்தில். பற்றிசும் ரோல்சும் கேக்கும் சாப்பிட்டு, படமெடுத்து முடித்ததும், ராகுலன் தாயோடு கொட்டாஞ்சேனைக்குத் திரும்பினான். சுபோதினி சேலையை மாற்றிக்கொண்டு கோப்பைகள் கழுவினாள்.

"தாலி ஏறும் வரைக்கும் அவையள் அவையள் வீட்டில" என்றாள் அம்மா நாகேஸ்வரி. யாரும் கேட்காமலேயே சொன்னாள்.

ஆனாலும் எழுத்து முடிந்த பிள்ளைகளை ஒன்றாக வெளியே போகாதே என்று சொல்லவும் முடியாது. விளக்கு வைக்கும் நேரத்துக்கு முன் வந்துவிட வேண்டும் என்ற கட்டளையோடு, அடுத்த வெள்ளிக்கிழமை இருவரையும் ஹெந்தளைக்கு அனுப்பினாள். ராகுலனின் பள்ளிக்கூடச் சிநேகிதன் அங்கே இருந்தான், அவன் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தான் என்பதெல்லாம் உண்மை. சாப்பாடு முடிந்ததும் சிநேகிதன் வேலைக்குப் போய்விட்டான் என்பதை மட்டும் அவர்கள் வீட்டில் சொல்லவில்லை. கடற்காற்றுக்கு யன்னல் அடித்துக்கொண்டிருந்த அந்த வீட்டில் நடந்ததற்காகச் சுபோதினி வெட்கப்படவில்லை. பயம்தான் வந்தது, அதுவும் திரும்பி வருகிற வழியில். முப்பத்தொரு வயதில், சட்டப்படி தன் புருஷனோடு இருந்துவிட்டு வருகிறவள் பயப்படுவது எவ்வளவு மடத்தனம் என்று அவளுக்கே தெரிந்தது. தெரிந்து என்ன, பயம் போகவில்லை. மணவறையில் வயிற்றில் பிள்ளையோடு, முழுகாமல் இருந்தவள் என்று ஒரு கதை வந்தால், வெள்ளவத்தையில் அது கனடாவுக்குப் போய்ச் சேர ஒரு நாளும் எடுக்காது.

வெள்ளவத்தை மருந்துக் கடைகளில் எல்லாரும் அவளுடைய அம்மாவை அன்ரி என்று கூப்பிடுகிறவர்கள். அதனால் மறுநாள் காலையில் மருதானைக்குப் போனாள். ஸ்டேஷனுக்கு எதிர்ப்பக்கத்துக் கடையில் கண்ணாடி போட்ட ஒரு சிங்களப் பெண், கரு தங்காமலிருக்கப் போடும் குளிசைப் பெட்டியைக் கடுதாசியில் சுற்றியபடி, "நங்கி, மாசெ தவச வெனஸ் வென்ன புளுவன்" என்றாள். மாதத் திகதி மாறலாம்; முந்தியும் வரும், பிந்தியும் வரும், இடையில் கொஞ்சம் இரத்தம் பட்டாலும் படும், பயப்படாதே, வரவேண்டிய நாளுக்கு ஒரு கிழமை தாண்டியும் வராவிட்டால் சோதித்துப் பார் என்று விளக்கினாள். சுபோதினி "ஹரி மிஸ், ஹரி மிஸ்" என்று தலையாட்டினாள். காது கேட்டுக்கொண்டிருந்தது. மனம் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது. பஸ் தரிப்பில் நின்றே விழுங்கினாள்.

மே இரண்டாந் திகதி விடிய அவளுக்குப் பட்டது. அதிகமில்லை, கபில நிறத்தில் கொஞ்சம். போன முறை வந்தது சித்திரைப் புதுவருசத்தன்று. அடுத்தது வர இன்னும் நாளிருந்தது. இது அதுவல்ல, அந்தக் கடைக்காரி சொன்னது என்று அவளுக்கு உடனே விளங்கிவிட்டது.

பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் அந்த வீட்டில் வேலைக்குப் போகுமுன் சாமியறையில் விளக்கேற்றுவது அவள்தான். குளித்துவிட்டு வந்து அறை வாசலில் நின்றாள். எண்ணெய்ப் போத்தலுக்குக் கை போகவில்லை. எந்த வழியால் வந்தாலும் இரத்தம் இரத்தம்தானே என்று பட்டது. பதின்மூன்று வயதிலிருந்து பழகிய கால் வாசற்படியைத் தாண்ட மறுத்தது. திரும்பிக் குசினிப் பக்கம் போனாள்.

நாகேஸ்வரி தேங்காய் துருவிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"என்ன பிள்ளை, வெள்ளனவே வந்திட்டுதோ?"

"ஓமம்மா."

அந்த ஓமைச் சொன்ன கையோடு அவள் தேத்தண்ணீரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அம்மாவின் முகத்தில் பரவிய நிம்மதியைப் பார்க்கவில்லை.

பார்த்திருந்தால் அப்போதே பயந்திருப்பாள். ஐயர் இரண்டு முகூர்த்தம் குறித்துக் கொடுத்திருந்தார். மே இருபத்தாறு, இல்லாவிட்டால் ஜூன் ஒன்பது. பெண்ணின் மாதத் திகதியைப் பார்த்து அதில் ஒன்றை எடுப்பது பெண்களின் பொறுப்பு. மாப்பிள்ளையின் தாய் ஏற்கெனவே இரண்டு தரம் போனில், "பிள்ளையின்ர திகதி என்ன மாதிரி?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டுவிட்டாள். நாகேஸ்வரி அந்தக் கணக்கை எங்கேயும் எழுதி வைப்பதில்லை. விளக்கு ஏற்றாத நாட்களை மனதிலேயே வைத்திருந்தாள்.

பின்னேரம் வேலையால் வந்தபோது விஷயம் முடிந்திருந்தது.

"நான் மே இருபத்தாறைத்தான் சொல்ல இருந்தனான். புதுவருசத்தண்டு வந்ததில இருந்து பார்த்தால் ஜூன் ஒன்பது அதே நாளில விழுந்திருக்கும். நல்ல காலம், இப்ப மாறிட்டுது. இனி வாறது முப்பதாந் திகதி. ஒன்பதாந் திகதிக்கு நீ முழுகித் துடைச்சு, வெளிச்சமா இருப்பாய். மாமியிட்டயும் சொல்லிட்டன். ஹோலும் சொல்லியாச்சு."

சுபோதினி கைப்பையைத் தோளிலிருந்து இறக்காமலே நின்றாள். "இருபத்தாறே நல்லதம்மா" என்றாள்.

"ஏன்?"

"சும்மாதான்."

"சும்மாவோ? முப்பதாந் திகதி வாறது நாலு நாள் முந்தினால்? இந்த முறை எவ்வளவு முந்தினது பார்த்தனிதானே. அக்கினிக்கு முன்னால துடக்கோட போய் இருக்கேலாது பிள்ளை."

அவள் தன்னுடைய பழைய கணக்கை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாள். அம்மா தள்ளிவிட்ட நாள்தான் சரியான நாள். அம்மா எடுத்த நாளில்தான் வரப்போகிறது. இதைச் சொல்ல அவளுக்கு ஒரே ஒரு வாசல்தான் இருந்தது. அது ஹெந்தளை வீட்டுக்குள் திறந்தது.

அன்றிரவு ராகுலனோடு கதைத்தாள். அவன் முதலில் சிரித்தான்.

"நீர் ஏன் போய்ச் சொன்னனீர்? பேசாம விளக்கைக் கொளுத்தியிருக்கலாமே."

"எப்பிடிக் கொளுத்திறது?"

"நெருப்புப் பெட்டியாலதான்."

அவன் குரலை இறக்கினான். "சரி, சரி. கோவிக்காதேயும்."

"உங்கட அம்மாவிட்ட ஒருக்காச் சொல்லுங்கோவன். வேற ஏதாவது சாட்டுச் சொல்லி இருபத்தாறுக்கு மாத்தச் சொல்லுங்கோ. லீவு பிரச்சினை எண்டு சொல்லலாம்தானே."

"நான் ஜூன் பதினாறு மட்டும் நிப்பன் எண்டு அவாவுக்குத் தெரியுமே சுபோ. பிறகு ஏன் எண்டு துருவுவா. அம்மாவிட்ட இந்தக் கதையை நான் எப்பிடிக் கதைக்கிறது? உமக்கு விசரே?"

"அப்ப நான் கதைக்கலாமோ?"

"நீங்கள் பொம்பிளையள்தானே" என்றான். அவன் அதை அன்பாகத்தான் சொன்னான்.

அழைப்பிதழ் அடித்து வந்தது. வெசாக் கூடுகள் காலி வீதியில் தொங்கத் தொடங்கின. மே நடுப்பகுதியில் வரவேண்டியது வரவில்லை. அது அவளுடைய கணக்கில்தான் பிந்தியது, அம்மாவுடையதில் இல்லை. நாகேஸ்வரி நிம்மதியாகச் சேலைக்கு ஜக்கெட் தைக்கக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

வேலைத்தலத்தில் சுபோதினிக்குப் பக்கத்து மேசை நிரோஷா. ஹட்டன் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்து கிராண்ட்பாஸில் அறை எடுத்திருந்தவள். வாய் ஓயாது. கர்ப்பம் பார்க்கும் சோதனைப் பட்டியை வாங்கி வந்தது அவள்தான். மலசலகூடத்து வாசலில் காவலும் நின்றாள்.

"என்னாக்கா, பத்து நிமிசமா உள்ளுக்கு. பரீட்சை மண்டபமா இது?"

"மெதுவாக் கதை."

"ஒரு கோடா ரெண்டு கோடா?"

"ஒண்டு."

"அப்ப இல்ல. முருகா! வெளியில வாங்க." கதவு திறந்ததும் அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டு நிரோஷா கேட்டாள்: "இல்லைன்னு வந்ததுக்கும் அழுவுறீங்களா?"

"இல்லை எண்டால் ஏன் இன்னும் வரேல்லை?"

"அந்தக் குளிசை அப்படித்தானாம். என் தோழிக்கு ரெண்டு மாசம் கோளாறாப் போச்சு, பொறகு தானா சரியாச்சு." நிரோஷா கைகழுவும் தொட்டியில் சாய்ந்துகொண்டாள். "அக்கா, நான் ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காதீங்க. நீங்க கையெழுத்துப் போட்டு முடிச்ச பொம்பள. அவரு ஒங்க புருசன். எவன் வீட்டுக் கோழியத் திருடுனீங்க, இப்படிக் கக்கூசுல ஒளியிறதுக்கு?"

சுபோதினிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே முகம் கழுவினாள். ஒரு கிழமை விட்டு இன்னொரு தரம் சோதித்தாள். அதே ஒரு கோடு. பிள்ளை இல்லை என்பது நிச்சயமாயிற்று. ஆனால் எப்போது வரும் என்பது ஒருவருக்கும் தெரியாது. தன் உடம்பில் நாளையைக் கூட அவளால் சொல்ல முடியவில்லை.

வெசாக் லீவு முடிந்ததும், நாகேஸ்வரி அவளை டொக்டர் கௌரியிடம் கூட்டிக்கொண்டு போனாள். முப்பதாந் திகதிக்கு வந்துபோய்விடும் என்றுதான் கணக்கு. ஆனால் முந்திய மாதம் முந்தியது, இந்த மாதம் பிந்தினால்? கலியாணத்துக்கு முன் மாதத்தைத் தள்ளிப்போடக் குளிசை எடுப்பது ஊரில் இல்லாத வழக்கமல்ல. பந்தலுக்கு வாழைக்குலை சொல்வதைப் போல அதையும் சொல்லி வைப்பார்கள்.

டொக்டர் கௌரி அந்தக் குடும்பத்துக்குச் சுபோதினியின் சின்னம்மை நாளிலிருந்து பழக்கம்.

"கடைசியா எப்ப வந்தது?"

"மே ரெண்டு" என்றாள் நாகேஸ்வரி.

"நான் பிள்ளையைக் கேட்டன்."

"மே ரெண்டு" என்றாள் சுபோதினி.

"வழமையா ஒழுங்கா வருமோ?"

"மணிக்கூடு மாதிரி வரும் டொக்டர். அந்த ஒருக்காத்தான் முந்தினது. கலியாண யோசனையாக்கும்."

டொக்டர் பேனையை வைத்துவிட்டுச் சுபோதினியைப் பார்த்தார். "வேற ஏதும் மருந்து எடுத்தனீங்களோ? இந்த ரெண்டு மாசத்துக்குள்ள?"

அறை சின்னது. அம்மாவின் முழங்கை அவளுடைய முழங்கையில் முட்டிக்கொண்டிருந்தது. சுபோதினி மேசையிலிருந்த மருந்துக் கம்பனிக் கலண்டரைப் பார்த்தாள்.

"இல்லை டொக்டர்."

"எழுத்து முடிஞ்சுதாம் எண்டு கேள்விப்பட்டன். எதுக்கும் ஒருக்கா யூரின் பார்த்திட்டுத் தருவம்."

"அது ஏன் டொக்டர்?" நாகேஸ்வரியின் குரல் மாறியது. "எழுத்துத்தானே முடிஞ்சது. தாலி இன்னும் கட்டேல்லையே."

"இது நான் எல்லாருக்கும் செய்யிறது. அம்மா ஒரு அஞ்சு நிமிசம் வெளியில இருங்கோவன்."

நாகேஸ்வரி எழும்பவில்லை. "எனக்குத் தெரியாமல் என்ர பிள்ளைக்கு ஒண்டும் இல்லை டொக்டர்" என்றாள். அதில் கோபம் இருக்கவில்லை. அவ்வளவு நம்பிக்கை இருந்தது. அந்த நம்பிக்கைக்கு முன்னால் சுபோதினி மறுபடி கலண்டரைப் பார்த்தாள்.

சிறுநீரில் ஒன்றும் இல்லை. நாகேஸ்வரி, பார்த்தீர்களா என்பது போல இருந்தாள். டொக்டர் குளிசைகளை எழுதினார்.

"முப்பதாந் திகதிக்கு மூண்டு நாள் முந்தித் தொடங்குங்கோ. கலியாணம் முடியும் மட்டும் ஒரு நேரமும் விடக்கூடாது. ஆனால் ஒண்டு. நீங்கள் சொன்ன திகதி சரியெண்டால்தான் இது நிப்பாட்டும். பிழையெண்டால் குளிசை போடப் போடவே படும். பிறகு என்னைக் குறை சொல்லக்கூடாது."

"திகதி சரி டொக்டர்" என்றாள் நாகேஸ்வரி.

இருபத்தேழாந் திகதியிலிருந்து சுபோதினி விழுங்கினாள். அம்மாவே தண்ணீரோடு கொண்டுவந்து கொடுத்தாள். தலை கனத்தது, மார்பு நொந்தது, வயிறு ஊதியது. ஆனால் படவில்லை. முப்பது போயிற்று. ஜூன் முதலாம் திகதியும் போயிற்று. வீட்டில் எவர்சில்வர்த் தட்டங்கள் வந்து இறங்கின.

அவளுடைய எண்ணமெல்லாம் இப்போது ஒன்பதாந் திகதியில் இல்லை; ஐந்தாந் திகதியில் இருந்தது. அன்று புதன்கிழமை பதினொரு மணிக்குக் கொட்டாஞ்சேனையில் பொன்னுருக்கு. ஆசாரி வந்து, மாப்பிள்ளை வீட்டில், எல்லாருக்கும் முன்னால் தாலிக்குப் பொன்னை உருக்குவார். பொன் உருகிவிட்டால் கலியாணம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அதன் பிறகு செத்தவீடு வந்தாலும் நிறுத்துவதில்லை. நாகேஸ்வரியே இதைச் சொல்லியிருக்கிறாள்: "உருக்கினாப் பிறகு எது வந்தாலும் துடக்கில்லை. அதைத் தாண்டிட்டால் சரி." அதைத் தாண்டிவிட வேண்டும் என்பதுதான் சுபோதினியின் பிரார்த்தனை. பதினொரு மணி வரைக்கும் உடம்பு பொறுத்தால் போதும்.

புதன்கிழமை காலை எட்டரைக்கு, தலைக்கு எண்ணெய் வைக்கப் போகும் நேரத்தில், பட்டது. இந்த முறை சிவப்பாகவே பட்டது.

அவள் குளியலறையில் நீண்ட நேரம் நின்றாள். வெளியே அப்பா நாகேந்திரம், வான் எத்தனை மணிக்கு வரும் என்று இரண்டாம் முறை கேட்டுக்கொண்டிருந்தார். கழுவிக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல், இன்னும் இரண்டரை மணித்தியாலம் இருந்துவிடலாம். யாருக்குத் தெரியப் போகிறது? ஆனால் கதவைத் திறந்தபோது நாகேஸ்வரி சாமியறை வாசலில் எண்ணெய்ப் போத்தலோடு நின்றாள்.

"வா பிள்ளை. நீயே கொளுத்து. நல்ல நாள்."

சுபோதினி போத்தலை வாங்கவில்லை. நாகேஸ்வரி அவளுடைய கையைப் பார்த்தாள், பிறகு முகத்தைப் பார்த்தாள். அறைக் கதவைச் சாத்தினாள்.

"குளிசை போட்டனிதானே?"

"போட்டனான்."

"பிறகெப்பிடி?"

"அம்மா, இது அதில்லை." அவள் வேகமாகச் சொன்னாள். நிறுத்தினால் முடியாது என்று தெரிந்தது. "இது குளிசையால படுகிறது. மே ரெண்டாந் திகதி பட்டதும் அதில்லை. அதுவும் ஒரு குளிசையாலதான். நானும் அவரும் ஹெந்தளைக்குப் போனனாங்கள்தானே. அதுக்கடுத்த நாள் போட்டனான். ரெண்டும் உண்மையான பீரியட்ஸ் இல்லையம்மா. மருந்தால வாற இரத்தம் துடக்கில்லைத்தானே?"

அவள் இவ்வளவையும் சொன்னது கலியாணத்தைக் காப்பாற்றத்தான். அம்மா அடிப்பாள், அழுவாள், எதைச் செய்தாலும் சரி. கடைசியில் இது துடக்கில்லை என்று ஒத்துக்கொள்வாள் என்று நினைத்தாள். நாகேஸ்வரி இரண்டையும் செய்யவில்லை. கட்டிலின் விளிம்பில் இருந்துகொண்டாள். போத்தல் கையிலேயே இருந்தது.

"அப்ப உண்மையானது எது?"

சுபோதினி விரலில் எண்ணத் தொடங்கி, நடுவில் நிறுத்தினாள்.

"சொல்லன். அது மருந்து, இதும் மருந்து எண்டால் உண்மையானது எப்ப வந்தது? எப்ப வரும்? இது அதில்லை எண்டு உனக்கு எப்பிடித் தெரியும்?"

அவளுக்குத் தெரியவில்லை. டொக்டர் கௌரிக்கும் தெரிந்திருக்காது. ஒரு குளிசை முந்தி இழுத்ததை இன்னொரு குளிசை பிடித்து வைத்து, இரண்டுக்கும் நடுவில் எது எங்கே போயிற்று என்று அவளுடைய உடம்பைத் தவிர வேறொருவருக்கும் தெரியாது. உடம்பு சொல்லவும் இல்லை.

"தெரியேல்லையம்மா."

"தெரியாமல் உன்னைக் கொண்டுபோய் அக்கினிக்கு முன்னால இருத்துறதோ? பிறகு அவனுக்கு ஒண்டு நடந்தால், உனக்கொரு பிள்ளை தங்காட்டில், நான் இருந்து யோசிக்கிறதோ?" நாகேஸ்வரி போத்தலைக் கீழே வைத்தாள். "எழுத்து முடிஞ்சது எண்டு நான்தானே அனுப்பினனான். சொல்லியிருக்கலாமே பிள்ளை. இருபத்தாறு எண்டு சொன்னனிதானே. ஏன் எண்டு நான் கேட்டன்தானே."

ஒன்பதரைக்கு நாகேஸ்வரி கொட்டாஞ்சேனைக்குப் போன் எடுத்தாள். குளிசைகளைப் பற்றிச் சொல்லவில்லை. திகதி பிழைத்துவிட்டது என்று மட்டும் சொன்னாள். மறுமுனையில் மாமி கத்தியது சுபோதினிக்குச் சுவருக்கு இப்பாலும் கேட்டது.

"ஆசாரி வந்து இருக்கிறார் இஞ்ச! ஒரு பொம்பிளைப் பிள்ளையை வைச்சிருக்கிறியள், அதின்ர திகதி கூட ஒழுங்காத் தெரியாதோ உங்களுக்கு?"

"எங்கட பிழைதான்" என்றாள் நாகேஸ்வரி. "எங்கட பிழைதான் சம்பந்தி."

சுபோதினி ராகுலனுக்குப் போன் அடித்தாள். அவன் நாலாம் முறைதான் எடுத்தான்.

"அம்மா பக்கத்தில நிக்கிறா."

"நல்லது. அவாவிட்டக் குடுங்கோ. இல்லாட்டி நீங்களே சொல்லுங்கோ, எங்கட அம்மாவில பிழையில்லை எண்டு."

"சுபோ, இப்ப வேண்டாம். அவா இப்பவே பிரஷர் ஏறி நிக்கிறா. பிறகு ஆறுதலாக் கதைப்பம்."

"எப்ப?"

"பிறகு" என்றான். பின்னால் யாரோ அவனைக் கூப்பிடும் சத்தம் கேட்டது.

இரண்டு தாய்மாரும் மத்தியானத்துக்குள் ஒரு முடிவுக்கு வந்தார்கள். கலியாணத்தைத் தள்ளிவைத்து, மாப்பிள்ளைக்கு டெங்கு என்று சொல்வது. கொழும்பில் அதை ஒருவரும் கேள்வி கேட்க மாட்டார்கள். அழைத்தவர்கள் எல்லாருக்கும் செய்தி போயிற்று. நாகேந்திரத்துக்கும் அதையே சொன்னார்கள். அவர் பதறிப்போய் மருமகனுக்கு அடித்து, பிளேட்லெட் எத்தனை என்று கேட்டார். ராகுலன் ஒரு தொகையைச் சொன்னான். அவர் அதை நாட்காட்டியின் ஓரத்தில் குறித்துவைத்து, பப்பாசி இலைச் சாறு கொடுக்கச் சொல்லிச் சம்பந்திக்கும் சொன்னார். சுபோதினி அதையெல்லாம் கேட்டுக்கொண்டு விறாந்தையில் இருந்தாள். சாமியறைப் பக்கம் போகவில்லை. அன்றும் அதற்கடுத்த நாட்களிலும் நாகேஸ்வரியே விளக்கேற்றினாள்.

இரத்தம் பதினோராந் திகதி நின்றது.

ராகுலன் ஜூன் பதினாறாந் திகதி மெல்பேர்னுக்குத் திரும்பினான். விமான நிலையத்துக்கு அவனுடைய வீட்டார் மட்டும் போனார்கள். ஐயர் ஆவணியில் இரண்டு முகூர்த்தம் குறித்துக் கொடுத்தார். இரண்டுக்கும் அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. பதிவுச் சான்றிதழோடு விசா விண்ணப்பம் ஜூலையில் அனுப்பப்பட்டது. அதில் சுபோதினி மனைவி என்று குறிக்கப்பட்டிருந்தது. அவள் வெள்ளவத்தையில் தாய் வீட்டில் இருக்கிறாள்.